கேட்கலாமா என்று கேட்ட அப்பாவுக்கு

என் பாசமுள்ள அப்பா,

சுகமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். “எனக்கு என்னா, நல்லாத்தான் இருக்கேன்” என்பீர்கள். காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே அதைச் சொன்ன ஆள் நீங்கள். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். உங்கள் மூத்தவள் புஷ்பா எழுதுகிறேன். உங்களுக்குத் திவசம் கொடுத்தே மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது ஒன்று நடந்திருக்கிறது, அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் பால் வெட்டிய மேட்டு மலையில் பழைய ரப்பர் மரங்களைத் தறித்துவிட்டுப் புதுக் கன்று வைத்திருக்கிறார்கள். அங்கே இப்போது நிழலே இல்லை. கேகாலைக்குப் போகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி அடையாள அட்டை பார்க்கிறார்கள். தமிழ்ப் பேர் என்றால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். அதனால் அவசியம் இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை. தங்கச்சி எட்டியாந்தோட்டையில் நல்லபடி இருக்கிறாள், மாமியார்தான் கொஞ்சம் வாய்க்காரி. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. நான் ருவான்வெல்லை பஜாரில் நஸீர் நானாவின் கடையில்தான் இன்னும் இருக்கிறேன். டெலிபோன், போட்டோ கொப்பி, இரண்டு கம்பியூட்டர். பெரியதில் தமிழும் சிங்களமும் அடித்துக் கொடுப்பது என் வேலை. மூலையில் இருக்கிற சின்னதில் இப்போது இன்டர்நெட் வந்திருக்கிறது. இன்டர்நெட் என்றால் என்னவென்று கேட்க உங்களுக்கு ஆசை வந்திருக்கும். கேட்டிருக்கமாட்டீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாள் கணக்கப்பிள்ளை ஐயா லயத்தில் நம் ஓரறைக் காம்பரா வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. “இந்தா புள்ள, யாராச்சும் ஒருத்தர் பேர் போட்டாத்தான் காம்பரா ஒங்களுக்கு. வேலைக்கு ஆள் இல்லாத வீட்ட தோட்டம் குடுத்து வச்சிக்கிட்டு இருக்காது. யோசிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் பேரை வேலைப் பதிவிலிருந்து எப்போதோ வெட்டிவிட்டார்கள். தங்கச்சி கல்யாணமாகிப் போய்விட்டாள். மிச்சம் இருப்பது நான். பேர் போடுவது என்றால் உங்கள் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு விடிகிற நேரத்தில் மலைக்கு ஏறுவது. நான் பஜாரில் வேலை செய்கிறவள் என்பதால்தான் “இப்ப முடியாதுங்க” என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. கடை வேலை போனால் அந்தக் காரணமும் போய்விடும். அந்தப் பயத்தோடுதான் தினமும் கடைக்குப் போய் வந்தேன்.

பங்குனியில் ஒரு நாள் இடி விழுந்தது. நம் பக்கத்து இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடையில் லைட் ஒருதரம் பளிச்சென்று எரிந்து அணைந்தது. கரண்ட் திரும்பி வந்தபோது பெரிய கம்பியூட்டர் எழுந்திருக்கவில்லை. ஆன் பண்ணினால் கொஞ்ச நேரம் கறுப்பாக இருக்கும். பிறகு முழுத் திரையும் நீலமாகும். அதில் வெள்ளை எழுத்தில் ஏதோ இங்கிலீஷ். என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்குள் அணைந்து, மறுபடியும் கறுப்பிலிருந்து தொடங்கும். நாள் முழுக்க அது இதையே செய்துகொண்டிருந்தது. நானும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று தோட்டப் பள்ளிக்கூடங்களின் தவணைப் பரீட்சைத் தாள்கள் அதற்குள் இருந்தன. ராத்திரி பகலாக நான் அடித்தவை. கேகாலையிலிருந்து நானா கூட்டிவந்த ஆள் பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாத்தான் போடணும்” என்றார். நானா அவரை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

“புள்ள, பள்ளிக்கூட வேல ஒருக்கா கைவிட்டுப் போனா திரும்பி வராது. இது சரி வராட்டி நான் இந்த கம்பியூட்டர் வேலைய உட்டுட்டு கொப்பி அடிக்கிறத மட்டும் வெச்சிக்கொள்றேன். மனசில ஒண்ணும் எடுக்காத.”

மனசில் எடுக்காமல் வேறு எங்கே எடுப்பது? நானா கெட்டவர் இல்லை. ஆனால் அன்றைக்கு உங்கள் கத்தி என் கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

இன்டர்நெட்டில் ஒரு தமிழ்க் கருத்துக்களம் இருக்கிறது அப்பா. லண்டனில், கனடாவில், சென்னையில், யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் அங்கே வந்து கம்பியூட்டர் பற்றிக் கேள்வி கேட்பார்கள். தெரிந்தவர்கள் சும்மாவே பதில் சொல்வார்கள். சொந்தப் பேரில் யாரும் வரமாட்டார்கள், ஆளுக்கொரு புனைபெயர். நான் ‘ரப்பர்கொட்டை’ என்று பேர் வைத்துக்கொண்டு மாசக்கணக்காக அங்கே வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை எழுதியதில்லை. பெரிய மனிதர்கள் பேசுகிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று இருந்தது. இப்போது வேறு வழியில்லை. பெண் என்று காட்டிக்கொள்ளாமல் எழுதினேன்.

“அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள். நான் புதியவன். எனக்குக் கம்பியூட்டரில் ஒரு சிறு பிரச்சினை உள்ளது. தங்களுக்கு நேரம் இருந்தால் கேட்கலாமா? தொந்தரவுக்கு மன்னிக்கவும்.”

எழுதிவிட்டுக் காத்திருந்தேன். கொப்பி அடிக்க வருகிறவர்களுக்கு நடுவில் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தேன். எத்தனை பேர் வாசித்தார்கள் என்று பக்கத்தில் ஒரு எண் காட்டும். அது கூடிக்கொண்டே போனது. ஒருவர்கூட ‘கேள்’ என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தோட்டத்துத் தொரை தலையசைக்காமல் எப்படிப் பேசுவது? இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. நம்மை யாரும் மதிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அந்தக் களத்தைப் பார்த்துக்கொள்கிற மட்டுறுத்துநர் பதில் போட்டிருந்தார். “கேட்கலாமா என்று கேட்க வேண்டாம். நேரடியாகக் கேளுங்கள். புதியவர்கள் முதலில் விதிமுறைகளைப் படிக்கவும்.” அவ்வளவுதான். எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. பங்களாப் புல்லில் கால் வைத்ததற்கு விரட்டப்பட்ட மாதிரி எழுந்து வெளியே போய் நின்றேன்.

கேட்கலாமா என்று கேட்பது யாரிடமிருந்து எனக்கு வந்தது? வேறு யார், நீங்கள்தான். பக்கத்துக் காம்பராவில் ஏணி இரவல் வாங்க நீங்கள் போகிற அழகை நானும் தங்கச்சியும் நடித்துக் காட்டி அம்மாவைச் சிரிக்க வைப்போம். போய் உட்கார்வீர்கள். மழையைப் பற்றிப் பேசுவீர்கள். அவர்கள் வீட்டு மாப்பிள்ளையை விசாரிப்பீர்கள். வெற்றிலை போடுவீர்கள். எழுந்து வாசல் வரைக்கும் வந்த பிறகு, ஞாபகம் வந்தவர் மாதிரி, “ஆமா, ஒங்ககிட்ட ஒரு ஏணி இருந்துச்சே” என்பீர்கள். இருக்கிறதா என்றுகூடக் கேட்கமாட்டீர்கள். அவர்களாக எடுத்துத் தரவேண்டும். தொரையிடம் ஒரு காரியம் என்றால் அதைவிட மோசம். சங்கத் தலைவரிடம் ஒருதரம், கணக்கப்பிள்ளையிடம் ஒருதரம், ஒபீஸ் ஐயாவிடம் ஒருதரம், பங்களாவில் சமைக்கிற அப்புவிடம் ஒருதரம். நாலு பேர் காதில் போட்டால் ஒருத்தராவது கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்பது நம் கணக்கு.

அதையும் செய்தேன் அப்பா. நேரடியாகக் கேள் என்றார்களே என்று, நடந்ததையெல்லாம் கொட்டி எழுதி, ‘அவசரம்!!! தயவுசெய்து உதவுங்கள்!!!’ என்று தலைப்புப் போட்டு, ஒன்றையே நாலு பகுதியில் போட்டேன். கம்பியூட்டர் பகுதியில் ஒன்று, பொதுப் பகுதியில் ஒன்று, அறிமுகப் பகுதியில் ஒன்று, கவிதைப் பகுதியிலும் ஒன்று. என்ன எழுதினேன் தெரியுமா? அப்பா செத்துப்போனார், அம்மாவுக்கு நடக்க முடியாது, காம்பராவை எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், கம்பியூட்டர் நீலமாகிவிட்டது, இந்த வேலை போனால் நான் பால் வெட்டப் போகவேண்டும். ஒரு சொல் பொய்யில்லை.

இந்த முறை பதில் கொட்டியது. “ஆழ்ந்த அனுதாபங்கள் ரப்பர்கொட்டை அண்ணா” என்று வரிசையாக எழுதினார்கள். கனடாவிலிருந்து ஒருவர் தந்தையைப் பற்றி ஒரு கவிதையே எழுதிப் போட்டார். இன்னொருவர் மலையக மக்களின் துயரம் என்று நீளமாக எழுதினார். அதன் கீழே இரண்டு பேர், கணினி என்பது சரியா கணணி என்பது சரியா என்று சண்டை பிடித்துக்கொண்டார்கள். என் கம்பியூட்டரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் செத்த வீடு மறுபடியும் நடந்த மாதிரி இருந்தது.

கடைசியில் ‘கொசுவர்த்தி’ என்று பேர் வைத்திருந்த ஒருவர் எழுதினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. “தம்பி, அப்பாவுக்காக வருந்துறன். ஆனா நீலத் திரையில என்ன எழுதிக் கிடக்கு எண்டு நீங்கள் இன்னும் சொல்லேல்லை. அதைச் சொல்லாமல் ஒருத்தராலையும் ஒண்டும் செய்யேலாது. எப்ப துவங்கினது, அதுக்கு முதல் என்ன நடந்தது, நீங்கள் என்னென்ன செய்து பாத்தனீங்கள், உங்களுக்கு என்ன வேணும். இவ்வளவும் சொன்னால் போதும். அவசரம் எண்டு தலைப்புப் போடாதேங்கோ, இஞ்ச வாற எல்லாருக்கும் அவசரம்தான். நாலு இடத்தில போடாதேங்கோ, ஆர் எங்க பதில் சொன்னது எண்டு தெரியாமல் போயிடும்.”

எனக்குக் கோபம் வந்தது. அப்பா செத்ததைச் சொல்கிறேன், இந்த மனுசன் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்கிறாரே! மேசையில் தலையை வைத்து அழுதேன். நானா பார்த்தும் பார்க்காதவர் மாதிரி வெளியே போய் நின்றுகொண்டார். அழுது முடித்துவிட்டு அந்தப் பதிலை மறுபடியும் வாசித்தேன். எப்ப துவங்கினது? அதுக்கு முதல் என்ன நடந்தது? அதை வாசித்தபோதுதான் அந்த டிஸ்பென்சரி விறாந்தை ஞாபகம் வந்தது.

நீங்கள் போன அன்றைக்கு விடியலில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நிற்கும்போதே உங்களுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. நீங்களாக நடந்து டிஸ்பென்சரிக்குப் போயிருக்கிறீர்கள். விறாந்தையில் கை வெட்டுப்பட்ட ஒருவர், காய்ச்சல்காரக் குழந்தையோடு ஒரு பெண், பல்வலிக்காரர் ஒருவர். டிஸ்பென்சரி ஐயா எட்டிப் பார்த்து “என்னா?” என்று உங்களைக் கேட்டாராம். நீங்கள் வாங்கிலை விட்டு எழுந்து, “ஒண்ணும் அவசரமில்லீங்க ஐயா. அவங்களப் பாத்துட்டு, நேரம் இருந்தா பாருங்க” என்றீர்களாம். பக்கத்தில் இருந்த அந்தப் பெண்தான் பிறகு அம்மாவிடம் சொன்னாள். உங்கள் முறை வந்து பார்த்தபோது சுவரில் சாய்ந்திருந்தீர்கள். தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

நெஞ்சு வலிக்குதுங்க. இரண்டு சொல் அப்பா. அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருக்கலாமே? அவர் உங்களைத் திட்டியிருப்பாரா, விரட்டியிருப்பாரா? உங்கள் மீது எனக்கு இருக்கிற கோபத்தை இதுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. செத்தவரைத் திட்டக்கூடாது என்பார்கள். அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து உங்களை நன்றாகத் திட்டினேன்.

பிறகு கொசுவர்த்தியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்தத் திரை மறைந்துவிடுகிறது, அதை எப்படி நிறுத்தி வாசிப்பது? உடனே சொன்னார். ஆன் பண்ணிய கையோடு எஃப் எட்டு என்ற கீயைத் தட்டிக்கொண்டிருந்தால் ஒரு பட்டியல் வருமாம், அதில் தானாகத் தொடங்குவதை நிறுத்த ஒரு வழி இருக்கிறதாம். செய்தேன். நீலத் திரை நின்றது. அதில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதினேன். எனக்கு அது விளங்கவில்லை. விளங்கவேண்டியதும் இல்லை, உள்ளபடி எழுதினால் போதும்.

புதிதாகப் போட்டேன். பங்குனி இடியில் கரண்ட் போய் வந்த பிறகு கம்பியூட்டர் தொடங்கவில்லை. திரையில் எழுதியிருப்பது இது. வயர்களைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. உள்ளே இருக்கும் பைல்கள் அழியாமல் வேண்டும். என்ன செய்ய வேண்டும்? அவ்வளவுதான் எழுதினேன். வணக்கம்கூடப் போடவில்லை அப்பா. பெற்ற தகப்பனைக் கூப்பிடாமல் பந்தியில் உட்கார்ந்த மாதிரி கூச்சமாக இருந்தது.

நானா வாங்கிக் கொடுத்த பிளேன்டீயைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். கம்பியூட்டரோடு வந்த சீடியைப் போட்டு, கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டளையை அடித்தால் அது டிஸ்க்கைத் தானே சோதித்துத் திருத்தும், அவசரப்பட்டு அணைத்துவிடக்கூடாது என்றார்கள். அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எண்கள் மெல்ல மெல்லக் கூடின. நானாவும் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். அது எழுந்தது அப்பா. பரீட்சைத் தாள்கள் எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

“அல்லாஹ் காப்பாத்தினான் புள்ள” என்றார் நானா. கொசுவர்த்தியும் கொஞ்சம் காப்பாற்றினார் என்று சொன்னேன். யார் அது என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். சரியாகிவிட்டால் எப்படிச் சரியாயிற்று என்று களத்தில் எழுதிவிட வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. வணக்கமும் மன்னிப்பும் அங்கே மரியாதை இல்லை. நானும் எழுதினேன். சித்திரை வருசப்பிறப்புக்குப் பிறகு, அதே நீலத் திரை வந்து என் பதிலைப் பார்த்துச் சரிசெய்ததாக மட்டக்களப்பிலிருந்து ஒருவர் நன்றி சொல்லியிருந்தார். நான் சொல்லி ஒருவருக்கு ஒரு காரியம் நடந்திருக்கிறது! அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது தரையில் கால் படவில்லை.

அந்தத் திமிரில்தான் நான் போனேன் என்று அம்மா சொல்கிறாள்.

எங்கே போனேன் என்று சொல்கிறேன். நம் காம்பராவின் கூரைத் தகரம் அம்மா படுக்கிற பக்கமாக ஓட்டையாகிவிட்டது. சித்திரை மழைக்கு அவள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். தகரம் மாற்றவேண்டும் என்றால் தோட்டத்தைக் கேட்கவேண்டும். கேட்டால் இந்தக் காம்பராவில் யார் பேர் இருக்கிறது என்ற கேள்வி வரும். அதனால் கேட்காமல் சட்டியும் பானையும் வைத்துக்கொண்டிருந்தோம். எத்தனை நாளைக்கு? எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு நேராக ஒபீஸுக்குப் போனேன். தலைவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பழைய தொரை மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது இருக்கிறவர் இளம் ஆள். சிங்களத்தில்தான் பேசினோம்.

“யார் அனுப்பினது? தலைவரா?” என்றார்.

“யாரும் அனுப்பல சேர். நானாத்தான் வந்தேன்.”

களத்தில் எழுதிய மாதிரியே சொன்னேன். எந்த லயம், எந்தக் காம்பரா. அப்பா செத்து ஒன்றரை வருசம். கணக்கப்பிள்ளை ஐயா அன்றைக்குச் சொன்ன வார்த்தை இது. தகரம் ஒழுகுகிறது, சாக்கு வைத்து அடைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. அம்மாவால் வேலைக்கு வரமுடியாது. நான் பேர் போடப் போவதில்லை, எனக்குப் பஜாரில் வேலை இருக்கிறது. அம்மா அந்தக் காம்பராவில் இருக்கலாமா? தகரம் மாற்றித் தருவீர்களா?

அவர் குறுக்கே பேசவே இல்லை. நன்றாகக் கேட்டார். பிறகு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, “இந்தக் காம்பராவில் வேலைக்கு வருகிற ஆள் யார்?” என்றார். கணக்கப்பிள்ளை ஐயா என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை அப்பா. ‘ஏம்மா இப்படிச் செஞ்ச’ என்று கேட்கிற முகம் அது. ஒன்றரை வருசமாக அவர் மறந்துபோய் இருக்கவில்லை, தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தொரை மரியாதையாகத்தான் சொன்னார். இல்லை என்றார். கீழ் லயத்தில் ஒரே காம்பராவுக்குள் இரண்டு குடும்பம் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது, இரண்டு வீட்டிலும் வேலைக்கு ஆள் வருகிறது, அவர்களுக்கு முதலில் கொடுக்கவேண்டும் என்றார். “நீ பேர் போட்டா இரு, தகரமும் மாத்தித் தாறேன். இல்லாட்டி ஜூலை முடிய வீட்ட விடணும்.” அவர் சொன்னதில் எனக்குப் பிழை கண்டுபிடிக்கத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உங்கள் காலத்தில் தொரைமார் உங்களுக்குச் சொன்ன பதில் ஒன்றுதான், ‘பாக்கலாம்’. லீவு கேட்டால் பாக்கலாம், சுவர் வெடித்தது என்றால் பாக்கலாம். எனக்கு நேரான கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது, அது ‘இல்லை’ ஆனாலும் பரவாயில்லை என்று பாதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்து அதையே அம்மாவிடமும் சொன்னேன்.

அம்மா கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

“அந்தப் பாக்கலாம்லதானடி இத்தன வருசம் குடியிருந்தோம்” என்றாள். “ஒங்கப்பன பயந்தாங்கொள்ளின்னு நெனச்சியா? இந்தக் குசினிய யாரக் கேட்டுக் கட்டுனாரு? கேட்டிருந்தா கட்ட விட்டிருப்பாங்களா? பின்னால வாழ போட்டாரே, யாரக் கேட்டாரு? கேக்காம இருந்ததாலதான் ஒருத்தனும் வேணாங்கல. நீ கம்பியூட்டர்ல படிச்சத கொண்டாந்து இங்க கேட்டுட்ட. சும்மா கெடந்தவங்கள எழுப்பி விட்டுட்டு வந்து நிக்கிற.”

எனக்கு அதுவரை தோன்றாத ஒன்று அது. களத்தில் ரப்பர்கொட்டை யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கேட்டுப் பதில் கிடைக்காவிட்டால் கேட்டவருக்கு ஒரு நட்டமும் இல்லை. இங்கே வாயைத் திறந்தால் எந்த லயம், எந்தக் காம்பரா, யார் வேலைக்கு வருவதில்லை என்று எல்லாம் தெரிந்துவிடுகிறது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தது இதனால்தானா? இது எல்லாம் தெரிந்துதான் ஏணிக்கும் சுற்றி வளைத்தீர்களா? அப்படியானால் அந்த விறாந்தையில் மட்டும் ஏன் அப்பா? மலைக்கும் லயத்துக்கும் வைத்திருந்த பழக்கத்தை உயிர் போகிற இடத்திலுமா கொண்டுபோவது? உங்கள் மேல் இருந்த கோபம் இப்போது பாதி என் மேல் திரும்பியிருக்கிறது, மிச்சப் பாதியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பேர் போட்டால் கூரை இருக்கும், கடை போய்விடும். போடாவிட்டால் கடை இருக்கும், அம்மாவுக்குக் கூரை இல்லை. தங்கச்சி வீட்டில் அம்மாவை வைக்க அந்த மாமியார் விடமாட்டாள். பஜாரில் வாடகைக்கு அறை கேட்டால் ஊர் எது, பேர் எது என்று விசாரித்துவிட்டுப் பிறகு வரச் சொல்கிறார்கள், இந்தக் காலத்தில் தமிழ் ஆட்களை வைத்துக்கொள்ள அவர்களுக்கும் பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. இதை எந்தக் களத்தில் போட? எப்ப துவங்கினது என்று கேட்டால் எதிலிருந்து சொல்வது? இந்தியாவிலிருந்து கப்பல் ஏறிய ஆட்களிலிருந்தா?

அம்மா என்னோடு பேசாமல் இருந்தாள். சோறு போட்டாள், பேச்சில்லை. முந்தாநாள் நான் கடைக்குக் கிளம்பும்போது வாசல்வரைக்கும் வந்தாள். மழையைப் பற்றிச் சொல்லவில்லை, தங்கச்சியை விசாரிக்கவில்லை, முழங்காலைப் பற்றிப் புலம்பவில்லை. என் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஜூலைக்குப் பொறகு நான் எங்க இருக்கிறது? அத மட்டும் சொல்லு.”

அம்மா இப்படி நேராகக் கேட்டு நான் பார்த்ததே இல்லை அப்பா. பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘பாக்கலாம்மா’ என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அது எவ்வளவு சுலபமாக வருகிறது தெரியுமா? தொரைமார் ஏன் அதையே சொன்னார்கள் என்று அப்போது தெரிந்தது. சொல்லாமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டேன்.

உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இதுதான். மலைக்கு ஏறுவேனோ, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வேறெங்காவது போவேனோ, அது இன்னும் எனக்கே தெரியாது. ஆனால் ஜூலைக்கு முன்னால் அம்மா முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்வேன். அது அவளுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும் சொல்வேன். ‘பாக்கலாம்’ என்று மட்டும் சொல்லமாட்டேன்.

கேட்கத் துணிந்து, பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிற
உங்கள் மூத்த மகள்
புஷ்பா